தனியாக வெப் டிசைன் தொழில்: வேலை வரும் நான்கு வழிகள், விலை சொல்லும் மூன்று முறைகள்

கம்பெனி வேலையை விட்டுத் தனியாக வெப் டிசைன் செய்ய இறங்குபவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். வேலை எங்கே கிடைக்கும்? எவ்வளவு கேட்கலாம்? இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பலர் மாதக்கணக்கில் முடிவெடுக்காமல் நிற்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஃபைவர் என்ற ஆன்லைன் ஃப்ரீலான்ஸ் சந்தையில் வருபவர் ஒரு மாதிரி விலை பேசுவார். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி வேறு மாதிரி பேசுவார். வாடிக்கையாளர் எந்த வழியாக வருகிறாரோ, அந்த வழியே பாதி விலையை முடிவு செய்துவிடும். அதனால் வழியை முதலில் தேர்ந்தெடுங்கள், விலை முறை அதைத் தொடர்ந்து வரட்டும்.

கோவை, திருப்பூர், மதுரை போன்ற ஊர்களில் இருந்துகொண்டு, தனி ஆளாக வேர்ட்பிரஸ், ஷாப்பிஃபை போன்ற கருவிகளில் வெப்சைட்டும் ஆன்லைன் கடையும் செய்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதல் பணம் கைக்கு வர எவ்வளவு நாளாகும்? பேசிய தொகை முழுதாக வருமா? கூலி இல்லாத வேலை எவ்வளவு இருக்கும்? (கொட்டேஷன் எழுதுவது, போனில் பேசுவது, பாக்கிக்கு அலைவது எல்லாம் இதில் அடக்கம்.) வாடிக்கையாளர் உங்களுடையவரா, நடுவில் நிற்பவருடையவரா? இரண்டு வருடம் கழித்து அதே வழியில் விலையை ஏற்ற முடியுமா?

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் அடிவிலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய். இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, லேப்டாப் தேய்மானம் 6,000. மருத்துவக் காப்பீடும் வேலை இல்லாத மாதங்களுக்கான சேமிப்பும் 10,000. வரிக்கு 4,000. மொத்தம் 60,000. மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். அறுபதாயிரத்தை இருநூறால் வகுத்து, மணிக்கு 300 ரூபாய் கிடைத்தால் போதும் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அந்த 200 மணியில் காசாகும் வேலை பாதிதான் தேறும். மீதி நேரம் ஆள் தேடவும், பேசவும், புதிதாகக் கற்கவும், பில் போடவும் போய்விடும். ஆகவே வகுக்க வேண்டியது 100-ஆல். அடிவிலை மணிக்கு 600 ரூபாய்.

பத்துப் பக்கத் தளம் ஒன்று 60 மணி நேரம் பிடிக்கும் என்றால், 36,000 ரூபாய்க்குக் கீழே அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. சில ஆயிரம் ரூபாய்க்கு வெப்சைட் என்ற விளம்பரங்கள் ஊரெல்லாம் உண்டு. அங்கே ஒரே டெம்ப்ளேட்டில் பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுத்து, வருடாவருடம் புதுப்பிப்புக் கட்டணத்தில் சம்பாதிக்கிறார்கள். தனி ஆள் அந்த விலையோடு மோதக் கூடாது.

## உள்ளூர்த் தொழில்கள்

நம் ஊர்களின் தொழில்வளம் டிசைனர்களுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பது போதுமான அளவு உணரப்படவில்லை என்பது என் உறுதியான எண்ணம். திருப்பூரில் பின்னலாடை, கோவையில் பம்ப்பும் மோட்டாரும், கரூரில் வீட்டு ஜவுளி, சிவகாசியில் அச்சகம், காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் ஹோட்டல்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தளம் தேவைப்படும் காரணம் வேறு. அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவர்தான் நல்ல விலை பேச முடியும்.

திருப்பூர் ஏற்றுமதியாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய பையர் ஆர்டர் கொடுக்கும் முன் தளத்தைப் பார்க்கிறார். ஓகோ-டெக்ஸ், காட்ஸ் மாதிரியான ஜவுளித் தரச் சான்றிதழ்கள் இருக்கின்றனவா, மாதம் எத்தனை பீஸ் உற்பத்தி, தொழிற்சாலைப் படங்கள் உண்மையானவையா என்று தேடுகிறார். அந்த முதலாளியிடம் ஸ்லைடர், அனிமேஷன் என்று பேசுவது வீண். சான்றிதழ் பக்கத்தை எப்படி அமைப்பேன், போட்டோகிராபரை எந்த நாளில் யூனிட்டுக்கு அழைத்து வருவேன் என்று பேசினால் விலை தானாக வேறு மட்டத்துக்குப் போகும்.

காரைக்குடி ஹோட்டலுக்கு வேறு கணக்கு. ஆன்லைன் முன்பதிவுத் தளங்களுக்கு ஒவ்வொரு அறைக்கும் கமிஷன் போகிறது. அறை வாடகை 3,000, கமிஷன் 15 சதவீதம் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 450 ரூபாய். சொந்தத் தளத்தின் வழியே வருடத்துக்கு 100 இரவுகள் நேரடியாக பதிவானால் 45,000 மிச்சம். இந்தக் கணக்கைக் கொட்டேஷனின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பிறகு 80,000 கேட்டாலும் அவர் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து பேரம் பேசுவார்.

இங்கே ஆள் கிடைப்பது பெரும்பாலும் வாய்வழியாகத்தான். முதல் இரண்டு மூன்று வேலைகள் உறவினர், நண்பர், ஆடிட்டர், பிரிண்டிங் பிரஸ்காரர் மூலம் வரும். ஆடிட்டரும் பிரஸ்காரரும் மிக முக்கியம். புதிதாகத் தொழில் தொடங்குபவர் ஜிஎஸ்டி பதிவுக்கு ஒருவரிடமும் விசிட்டிங் கார்டுக்கு இன்னொருவரிடமும் கட்டாயம் போவார். கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டிருப்பவர்களிடம் நேரில் பேசலாம். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு போவது நல்லது. பிஎன்ஐ மாதிரி வணிகக் குழுக்களும் உண்டு. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பது அங்கே சாதகம். உறுப்பினர் கட்டணமும் வாராவாரம் காலைக் கூட்டமும் அதற்கான விலை.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். பெரியது தாமதம். டிசைன் பத்து நாளில் முடிந்துவிடும். "போட்டோ அடுத்த வாரம் அனுப்புறேன் தம்பி" என்ற வார்த்தையில் தளம் மூன்று மாதம் தொங்கும். பாக்கித் தொகையும் அதோடு சேர்ந்து தொங்கும். ஆகவே கடைசித் தவணையைத் தளம் வெளியாகும் நாளோடு கட்டாதீர்கள். "டிசைன் ஒப்புதலான 30-ஆம் நாள், அல்லது தளம் வெளியாகும் நாள், எது முதலில் வருகிறதோ" என்று எழுதுங்கள். அடுத்து, பருவம். ஆடியில் புதுக் காரியம் தொடங்கத் தயங்குவார்கள். தீபாவளிக்கு முன் போனஸ், சரக்கு என்று பணம் இறுகும். ஆனி முடிவதற்குள் அட்வான்ஸ் வாங்காத வேலை ஆவணிக்குத் தள்ளிப்போகும் என்று வைத்தே உங்கள் வருடத்தைத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று, டொமைன். உதவியாக இருக்கட்டும் என்று உங்கள் கார்டில், உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். புதுப்பிக்கும் பொறுப்பு ஆயுளுக்கும் உங்கள் தலையில் விழும். ஒரு முறை தவறினால் அவருடைய மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுபோகும். அவர் பெயரில், அவர் பணத்தில் வாங்க வைத்து, நிர்வாக அனுமதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

## ஃபைவர், அப்வொர்க்

இந்த ஆன்லைன் சந்தைகளின் பெரிய பலம் பணத்துக்கான பாதுகாப்பு. அப்வொர்க்கில் மொத்த விலை வேலை என்றால் வாடிக்கையாளர் தவணைத் தொகையை முன்கூட்டியே தளத்தில் கட்டிவைக்கிறார். வேலையை ஒப்படைத்து 14 நாளில் அவர் எதுவும் சொல்லாவிட்டால் பணம் தானாக உங்களுக்கு விடுவிக்கப்படும். மணிக்கணக்கு வேலைக்கு, திரையைப் படம் பிடிக்கும் அவர்களுடைய செயலியை ஓடவிட வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டால் அந்த மணிகளுக்குப் பாதுகாப்பு உண்டு.

செலவு பக்கம் பார்ப்போம். ஃபைவர் விற்பவரிடம் 20 சதவீதம் எடுக்கிறது. 300 டாலர் வேலையில் 240 உங்களுக்கு. அதுவும் சாதாரண விற்பனையாளருக்கு 14 நாள் கழித்துத்தான் எடுக்க முடியும். அப்வொர்க்கில் 2023 முதல் 10 சதவீதமாக இருந்த கட்டணம், 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை மாறக்கூடியதாக ஆகிவிட்டது. வேலை கேட்டு விண்ணப்பிக்கவே கனெக்ட் என்ற டோக்கன்கள் வேண்டும், ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்கு 16 கனெக்ட் என்று வைத்தால் 2 டாலர் 40 சென்ட். இருபது விண்ணப்பத்தில் ஒரு வேலை கிடைத்தால், அந்த வேலைக்கு 48 டாலர் முன்செலவு. 200 டாலர் வேலைக்கு இது கட்டுப்படியாகாது. 2,000 டாலர் வேலைக்குப் பெரிய பாரமில்லை. சின்ன வேலையில் தொடங்கி மெல்ல ஏறலாம் என்று போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வாடிக்கையாளர் உங்களுடையவர் கிடையாது. அப்வொர்க்கில் சந்தித்தவரோடு இரண்டு வருடத்துக்குத் தளத்துக்கு வெளியே பணம் பேசக் கூடாது என்பது விதி. மீறினால் கணக்கே போகும், அதில் சேர்த்த ரேட்டிங் எல்லாம் போகும்.

விலை ஏறுமா? பொதுவாக வெப் டிசைனர் என்று நின்றால் ஏறாது, உலகம் முழுவதும் அதே பெயரில் கூட்டம் நிற்கிறது. ஒரே ஒரு சிக்கலில் பெயரெடுத்தால் ஏறும். வேர்ட்பிரஸில் ஓடும், வேகம் குறைந்த வூகாமர்ஸ் கடைகளைச் சரிசெய்பவர், பழைய வேர்ட்பிரஸ் தளத்தை ஷாப்பிஃபைக்கு மாற்றித் தருபவர் என்று நிற்கலாம். அப்படி நிற்கக்கூடியவருக்கு இந்த வழி மிக நல்லது.

## ஏஜென்சிக்குப் பின்னால் நின்று

சென்னை, பெங்களூரு, சிட்னி, லண்டன் ஏஜென்சிகளுக்குத் தங்கள் வாடிக்கையாளர் வேலையைச் செய்து தர வெளி ஆள் தேவை. ஆள் பிடிப்பதும் பாக்கி வசூலிப்பதும் அவர்கள் பாடு. கூலியில்லா மணிகள் மிகக் குறைவு என்பதால், மேலே போட்ட கணக்கில் 100 மணி 150 மணி ஆகலாம். அப்போது மணிக்கு 400 ரூபாயிலேயே அதே 60,000 வந்துவிடும். விலை குறைவாகத் தெரிந்தாலும் கைக்கு வருவது குறையாது என்பதைக் கவனியுங்கள்.

இழப்பது பெயர். செய்த வேலையை உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்ட முடியாதபடி கையெழுத்து வாங்குவார்கள். "உள்நுழைவுக் கடவுச்சொல்லோடு, பொதுவில் வைக்காமல், தனியாக ஒருவருக்குக் காட்டலாம்" என்ற ஒரு வரியையாவது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். "எங்களுக்குக் கிளையன்ட் கொடுத்ததும் உங்களுக்கு" என்ற விதியை ஏற்க வேண்டாம். அவர்களுடைய வசூலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஒரே ஏஜென்சியிலிருந்து வருமானத்தில் பாதிக்கு மேல் வந்தால் இரண்டாவதைத் தேடத் தொடங்க வேண்டும்.

## வெளிநாட்டு நேரடி வாடிக்கையாளர்

நான்கில் அதிக விலை கிடைப்பது இங்கே. முதல் பணம் வர அதிக நாள் ஆவதும் இங்கேதான். பழைய சகபணியாளர், சிங்கப்பூர், மலேசியா, லண்டன், டொரோன்டோவில் கடையோ கிளினிக்கோ நடத்தும் நம்மவர்கள், லிங்க்ட்இனில் தொடர்ந்து எழுதுவது என்று மெதுவாகத்தான் வரும். நேர வித்தியாசத்தை முதலிலேயே பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், சிட்னி நாலரை அல்லது ஐந்தரை மணி முன்னால். அவர்களோடு காலையில் பேசி முடித்துவிடலாம். நியூயார்க் ஒன்பதரை முதல் பத்தரை மணி பின்னால், மீட்டிங் எல்லாம் இரவில்தான்.

பேபால் 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டாலும் வெளிநாட்டுப் பணம் வாங்க இன்னும் பயன்படுகிறது. கட்டணமும் டாலர் மாற்று விகிதத்தில் பிடித்தமும் சேர்ந்தால் கணிசமாகக் குறையும் என்பதால், வைஸ், பேயோனியர், வங்கி நேரடிப் பரிமாற்றம் எல்லாவற்றிலும் அதே 1,000 டாலருக்குக் கடைசியில் எத்தனை ரூபாய் வருகிறது என்று ஒப்பிட்டுத் தேர்ந்தெடுங்கள். பணம் வந்ததற்கான வங்கிச் சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கிச் சேர்த்து வையுங்கள். பணம் எதற்காக வருகிறது என்று வங்கிக்குச் சொல்லும் காரணக் குறியீடு ஒன்று உண்டு, சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு அது பி0802.

சேவைத் தொழிலில் தமிழ்நாட்டில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்த பிறகு உள்நாட்டு பில்லுக்கு 18 சதவீதம் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு பில்லுக்கு எல்யூடி என்ற உறுதிமொழியை வருடாவருடம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | உள்ளூர் | ஃபைவர், அப்வொர்க் | ஏஜென்சி | வெளிநாட்டு நேரடி |
|---|---|---|---|---|
| முதல் பணம் | அட்வான்ஸ் சீக்கிரம் | முதல் வேலை கிடைக்கும்வரை தெரியாது | சீக்கிரம் | மிகத் தாமதம் |
| பணம் வரும் உறுதி | கடைசித் தவணை சிக்கல் | அதிகம் | நடுத்தரம் | அட்வான்ஸைப் பொறுத்தது |
| கூலியில்லா நேரம் | அதிகம் | தொடக்கத்தில் மிக அதிகம் | குறைவு | தொடக்கத்தில் அதிகம் |
| வாடிக்கையாளர் யாருடையவர் | உங்களுடையவர் | தளத்துடையவர் | ஏஜென்சியுடையவர் | உங்களுடையவர் |
| விலை உயர்வு | தொழிலைப் புரிந்தால் உண்டு | தனித்திறமை இருந்தால் உண்டு | கொஞ்சம் | அதிகம் |

## விலையை எந்த முறையில் சொல்வது

மணிக்கணக்கு ஏஜென்சிக்கும் அப்வொர்க்குக்கும் பொருந்தும். எங்கே முடியும் என்று தெரியாத வேலைக்கும் இதுதான் சரி. வேறொருவர் செய்த பழைய தளத்தைப் பழுதுபார்க்கும்போது திறந்து பார்க்காமல் மொத்த விலை சொல்லக் கூடாது. இதன் குறை, நீங்கள் வேகமாகக் கற்றுக்கொண்டால் வருமானம் குறைவது. ஆறு மணி வேலையை மூன்று மணியில் முடிக்கத் தெரிந்த நாளில் மணி விலையை ஏற்றியாக வேண்டும். உள்ளூர் வாடிக்கையாளரிடம் இந்த முறை நடக்காது. மொத்தம் எவ்வளவு என்று தெரியாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

மொத்த விலை உள்ளூருக்கு ஏற்றது. ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லாதீர்கள். அந்த அளவில் நீங்கள் விற்பது பக்கங்கள் என்று ஆகிவிடும், பக்கங்களை இன்று விக்ஸும் ஏஐ கருவிகளும் நிமிடங்களில் தருகின்றன. மொத்த விலைக்குள் என்னென்ன உண்டு, எவையெல்லாம் இல்லை என்று எழுதுங்கள். டிசைனில் இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். பின்னால் கேட்டால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தொடங்க 40 சதவீதம், டிசைன் ஒப்புதலில் 40, மீதி 20 என்ற பிரிவு நல்லது. கடைசியில் சிக்குவது 20 மட்டும் என்றால் தாங்கிக்கொள்ளலாம்.

மாதக் கட்டணம் தனி முறையாகத் தொடக்கத்தில் நிற்காது, முதலில் ஒரு தளம் செய்து கொடுத்த பிறகே கேட்க முடியும். பேக்கப், பிளகின் புதுப்பிப்பு, பாதுகாப்பு, மாதம் இரண்டு மணி நேரத் திருத்தம் என்று எல்லை போட்டு, தளம் ஒப்படைக்கும் அன்றே பேசுங்கள். மாதம் 2,500 ரூபாய் கொடுக்கும் பத்து வாடிக்கையாளர்கள் இருந்தால் 25,000 நிலையாக வரும். ஆடி மாதத்து வீட்டு வாடகையை அதை வைத்துக் கட்டிவிடலாம். நேரத்துக்கு எல்லை எழுதாவிட்டால், வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு வரும் "சின்ன மாற்றம்தான்" அந்தப் பணத்தைத் தின்றுவிடும்.

பெரிய நிறுவனங்கள் டிடிஎஸ், அதாவது உங்கள் கணக்கில் முன்கூட்டியே செலுத்தும் வருமான வரி, பிடித்துக்கொண்டுதான் அனுப்பும். தொழில்முறைச் சேவை என்றால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் 2. ரிட்டர்னில் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை கையில் பணம் குறையும். எந்த வகையில் கணக்கிடுவார்கள் என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## தெரிந்திருக்க வேண்டிய இரண்டு சட்டங்கள்

முதலாவது, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். சம்பள ஊழியராக இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் நீங்கள் உருவாக்கும் வடிவமைப்புக்கும் கோடிங்குக்கும் எழுத்துமூலம் மாற்றிக் கொடுக்கும்வரை பொதுவாக நீங்களே உரிமையாளர். "முழுத்தொகையும் வந்த பிறகு உரிமை மாற்றப்படும்" என்ற ஒற்றை வரி கடைசித் தவணைக்குப் பெரிய பலம். எத்தனை வருடம், எந்த நாடுகள் என்று குறிப்பிடாமல் விட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி வாடிக்கையாளருக்கு இதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பது உங்கள் மேல் மதிப்பைக் கூட்டும்.

இரண்டாவது, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-இன் எம்எஸ்எம்இ சட்டம். இதற்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், தனி ஆளும் செய்யலாம். பதிவு பெற்றவருக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவதில் பயனில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பல அக்கவுன்ட்ஸ் பிரிவுகளில் உங்கள் பில் மேலே வந்துவிடும்.

## யாருக்கு எது

கையில் ஒரு மாதச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஏஜென்சியில் தொடங்குங்கள். மணிக்கணக்கு, பதினைந்து நாளுக்கு ஒரு பில். கிடைத்த ஓய்வில் ஊரில் இரண்டு வாடிக்கையாளரைத் தேடுங்கள்.

ஆறு மாதச் செலவு கையில் இருந்து, முகம் பார்த்துப் பேசத் தயக்கம் இல்லாதவருக்கு உள்ளூர்தான். ஒரே ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பம்ப் கம்பெனிகளுக்கு நாலு தளம் செய்தவரை ஐந்தாவது கம்பெனி தானே தேடி வரும். பேச்சும் விலையும் அப்போது எளிதாகிவிடும்.

இன்னும் வேலையில் இருப்பவர்கள் அப்வொர்க்கில் கால்வைக்கும் முன் நியமன ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை உண்டா என்று படித்துவிட வேண்டும். தடை இல்லை என்றால், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே மலிவு வேலைகளை மறுத்து, ஒரு தனித்திறமையில் ரேட்டிங் சேர்ப்பது நல்ல உத்தி.

குழந்தையையோ வயதான பெற்றோரையோ பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு, குறிப்பாக வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வரும் பெண்களுக்கு, சிட்னி அல்லது சிங்கப்பூர் ஏஜென்சியைத்தான் முதலில் சொல்வேன். பேச்செல்லாம் காலையிலேயே முடியும். உள்ளூர் முதலாளியிடம் பாக்கிக்காக நாலு முறை போய் உட்கார வேண்டியதில்லை. இடைவெளி விழுந்த வருடங்களைப் பற்றி அங்கே பொதுவாக யாரும் கேட்பதில்லை. சின்னதாக ஒரு சோதனை வேலை கொடுப்பார்கள். அதற்கும் கூலி கேளுங்கள்.